தடுமாறும் திட்டங்களைத் தூக்கி நிறுத்துவோர்: ஓசூர்–கிருஷ்ணகிரி வட்டாரத்தில் ஒரு பணிப்பாதை

தடுமாறி நிற்கும் ஒரு தொழில்நுட்பத் திட்டத்தை எடுத்து நிறுத்துவது தனி வேலை. ஆனால் தொழிற்சாலைகளின் பதவிப் பட்டியலில் அதற்கென்று ஓர் இருக்கையைப் பார்ப்பது அரிது. புது மாடல் வண்டி சந்தைக்குப் போன சில மாதங்களிலேயே புகாரோடு திரும்பி வரும்போதும், புதிதாகப் போட்ட லைன் சொன்ன எண்ணிக்கையைத் தொடாதபோதும், பாகம் வாங்கும் பெரிய ஆலை ‘இனி வேண்டாம்’ என்று கடிதம் எழுதும்போதும் யாரோ ஒருவர் அங்கே அனுப்பப்படுகிறார். அவர் உற்பத்தி மேலாளராக இருக்கலாம், தரப் பிரிவு இன்ஜினியராக இருக்கலாம், டூல் ரூம் ஃபோர்மேனாகவோ பணி ஓய்வுக்குப் பிறகு ஆலோசனை சொல்பவராகவோ இருக்கலாம். வேலை முடிந்ததும் பழைய நாற்காலிக்குத் திரும்புவார், அல்லது அடுத்த சிக்கலுக்குப் போவார். இப்படிப் போய்க்கொண்டே இருப்பதை வாழ்நாள் தொழிலாக்கிக்கொள்ள இடம் தரும் தமிழக வட்டாரங்களில் ஓசூர்–கிருஷ்ணகிரி முக்கியமானது.

காரணம் அந்த வட்டாரம் உருவான விதத்தில் இருக்கிறது. 1971-ல் தொடங்கிய, தமிழக அரசின் தொழில் வளாக நிறுவனமான சிப்காட் அமைத்த ஆரம்பகால வளாகங்களில் ஓசூர் ஒன்று. அப்போது இது தருமபுரி மாவட்டம். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-ல். பின்தங்கிய பகுதிக்கான சலுகைகளும், 40 கிலோமீட்டரில் பெங்களூரு இருந்ததும் ஆலைகளை இழுத்தன. 1980-ஐ ஒட்டி அசோக் லேலண்டும் சுந்தரம் கிளேட்டனின் மொபெட் பிரிவும் வந்தன. அந்த மொபெட் பிரிவுதான் பின்னால் டிவிஎஸ் மோட்டார் ஆனது. 1984-ல் டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் கூட்டாகத் தொடங்கிய டைட்டன், கடிகாரம் செய்ய ஓசூரைத் தேர்ந்துகொண்டது. இவற்றைச் சுற்றி வார்ப்பாலைகள், பிரஸ் ஷாப்புகள், பிளாஸ்டிக் மோல்டிங் பட்டறைகள், சிஎன்சி வைத்து ஜாப் ஒர்க் செய்யும் சிறு ஷெட்டுகள் நிறைந்தன. அண்மைக் காலத்தில் மின்சார ஸ்கூட்டர், பேட்டரி செல், கைப்பேசியின் உலோக உறை ஆகியவையும் சேர்ந்திருக்கின்றன. டைட்டனில் பேச்சு மைக்ரான் கணக்கில் நடக்கும். லேலண்டில் டன் கணக்கில் நடக்கும். ஒரே ஊரில் வீட்டை மாற்றாமல் இரண்டையும் பார்த்துவிட முடிகிற வசதி ஓர் இன்ஜினியருக்கு எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை.

இந்த ஊரின் அனுபவங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். தொழில்நுட்பத் திட்டம் என்று பெயர் இருந்தாலும் கோளாறு பெரும்பாலும் தொழில்நுட்பத்தில் இருப்பதில்லை. மீட்கப் போகிறவரின் திறமையில் பெரும் பங்கு, கோளாறு உண்மையில் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதில் செலவாகிறது. சரிசெய்வது அதற்குப் பிறகு வருவது.

இதற்கு டைட்டனின் நகைப் பிரிவான தனிஷ்க்கைவிடப் பொருத்தமான சான்று இல்லை. கடிகாரப் பாகங்களை இறக்குமதி செய்ய டைட்டனுக்கு அந்நியச் செலாவணி தேவைப்பட்டது. நகை செய்து ஏற்றுமதி செய்தால் அதை ஈட்டலாம் என்ற கணக்கில் 1990களின் முதற்பாதியில் ஓசூரில் நகை ஆலை எழுந்தது. ஏற்றுமதி எதிர்பார்த்தபடி ஓடவில்லை. பார்வை உள்நாட்டுக்குத் திரும்பியது. 1996-ல் சென்னையில் முதல் கடை திறந்தபோது உள்ளே இருந்தவை பெரும்பாலும் 18 காரட்டில் கல் பதித்த மேல்நாட்டுப் பாணி நகைகள். ஆலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை: எந்திரங்கள் நல்லவை, மெருகு நேர்த்தி, அளவு துல்லியம். ஆனால் பெண்ணுக்குச் சீர் செய்ய வருகிற அம்மா கேட்பது 22 காரட். நாளை விற்றால் என்ன விலைக்குப் போகும் என்பதும் அவருக்கு முதல் கேள்வி. ஆண்டுக்கணக்கில் நட்டம் வந்தது. இன்னும் நல்ல எந்திரம் வாங்கியிருந்தால் நட்டம்தான் இன்னும் துல்லியமாகியிருக்கும்.

மீட்சி வந்த வழி வேடிக்கையானது. தங்கத்தின் தூய்மையைச் சில நிமிடங்களில் அளந்து காட்டும் எந்திரமான காரட் மீட்டரைக் கடைக்குள் கொண்டுவந்து வைத்து, வாடிக்கையாளர்கள் தங்கள் பழைய நகைகளைத் தாங்களே சோதித்துப் பார்க்கச் செய்தார்கள். 22 என்று நம்பி வாங்கிய நகை பலருக்கும் குறைவாகக் காட்டியது. 19 காரட்டோ அதற்கு மேலோ இருக்கும் நகையைக் கொடுத்து, கூலியை மட்டும் கட்டிவிட்டு 22 காரட் நகையாக மாற்றிக்கொள்ளலாம் என்ற திட்டமும் வந்தது. வடிவங்கள் உள்நாட்டு மரபுக்குத் திரும்பின. கையால் செய்யும் ஆசாரிகளை ஒழுங்கான வேலையிடத்தில் அமர்த்தும் காரிகர் பூங்கா ஓசூரிலேயே அமைந்தது. ஆலைக்குள் வெகுநாளாக இருந்த அளவீட்டுத் திறன், வாங்குபவர் முன்னால் எடுத்து வைக்கப்பட்டபோதுதான் காசானது. இன்று டைட்டனின் வருமானத்தில் பெரும்பகுதி நகையிலிருந்து வருகிறது. 2002-ல் நிர்வாக இயக்குநரான பாஸ்கர் பட்டின் பெயர் இந்த வளர்ச்சியோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. கடை மேசைக்கு எந்திரத்தை இடம் மாற்றிய நடு அடுக்கு ஆட்களின் பெயர்கள் அவ்வளவாக வெளியே தெரியாது. இந்தத் தொழிலின் இயல்பு அது.

அதே டைட்டனில் நேர் எதிரான கதையும் உண்டு. எட்ஜ் என்ற மெல்லிய கடிகாரத்தில் சிக்கல் முழுக்க முழுக்கத் தொழில்நுட்பத்தில்தான் இருந்தது. இயக்கப் பகுதி 1.15 மில்லிமீட்டர் தடிமன், கடிகாரம் மொத்தமாக 3.5 மில்லிமீட்டர், நீரும் உள்ளே புகக் கூடாது. ஏறத்தாழ நான்கு ஆண்டு உழைப்புக்குப் பின் 2002-ல் வெளிவந்தது. இங்கே சந்தை ஆய்வோ நிர்வாக மாற்றமோ ஒன்றும் உதவியிருக்காது. பல்சக்கரத்தையும் பேட்டரியையும் மெலிதாக்கத் தெரிந்தவர்கள் வேண்டியிருந்தது. ஒரே வளாகத்தில் நடந்த இந்த இரண்டுக்கும் ஒரே மருந்து பொருந்தாது.

டிவிஎஸ் மோட்டாரின் அனுபவம் வேறு வகை. 1982-ல் சுசுகியோடு ஒப்பந்தம், 1984 முதல் 100 சிசி மோட்டார் சைக்கிள் என்று வேகமாக வளர்ந்த நிறுவனம், 1990களின் தொடக்கத்தில் தொழிலாளர் தகராற்றில் ஓசூர் ஆலையை மாதக்கணக்கில் பூட்டி வைக்கும் நிலைக்கு வந்தது. கதவு மறுபடி திறந்தபின், நிறுவனத் தலைமையில் இருந்த வேணு சீனிவாசன் எடுத்த பாதை மெதுவானது. ஜப்பானியப் பேராசிரியர்களை வரவழைத்து முழுமைத் தர மேலாண்மை என்ற முறையைக் கீழ் மட்டம்வரை பழக்கியது அது. லைனில் நிற்பவரே குறையைக் கண்டு எழுதி, காரணத்தைத் தோண்டி, தீர்வைச் சோதித்து, அடுத்த ஷிப்டுக்குச் சொல்ல வேண்டும். இதே குழுமத்தின் சுந்தரம் கிளேட்டன் பிரேக் பிரிவு 1998-ல் தர மேலாண்மைக்கான டெமிங் பரிசு பெற்ற முதல் இந்திய நிறுவனமானது. டிவிஎஸ் மோட்டார் 2002-ல் பெற்றது. அதற்கு முந்தைய ஆண்டுதான் சுசுகி விலகியிருந்தது. கூட்டாளியின் வரைபடம் இல்லாமல் சொந்தமாக வடிவமைத்த விக்டர் மோட்டார் சைக்கிள் அதே 2001-ல் சாலைக்கு வந்தது. பூட்டிய கதவிலிருந்து சொந்த வண்டிவரை சுமார் பத்து ஆண்டு. மீட்பு என்ற சொல்லைக் கேட்டதும் மனத்தில் வருகிற மூன்று மாத அதிரடிக்கும் இதற்கும் வெகுதூரம்.

இதனால் ஊருக்கு வந்த ஆதாயம் பரிசைவிடப் பெரிது. டிவிஎஸ்ஸுக்குப் பாகம் தரும் சிறு ஆலைகளும் அதே முறையைக் கற்றாக வேண்டியிருந்தது. ‘ஒய்-ஒய் போட்டாயா’ (ஏன், ஏன் என்று காரணம் தோண்டுவது), ‘ஃபிஷ்போன் எங்கே’ (காரணங்களை மீன்முள் வடிவில் வரையும் படம்), ‘கைசன் ஷீட் கொடு’ (சிறு மேம்பாட்டுக் குறிப்பு) என்பவை ஓசூரில் பி.இ. படித்தவரும் ஐடிஐ முடித்தவரும் ஒரேபோலப் பேசும் பேச்சாயின. அசோக் லேலண்டின் ஓசூர் இரண்டாம் ஆலையும் 2017-ல் டெமிங் பரிசு வாங்கியது. மீட்புத் தொழிலுக்கு இந்தப் பொதுப்பேச்சு பெரிய துணை. வெளியிலிருந்து வருகிறவர் முதல் நாளே எல்லோருடனும் ஒரே படத்தைப் பார்த்துப் பேசிவிடலாம்.

கோளாறு ஆலைக்கு வெளியே, நீதிமன்றத்தில் இருப்பதும் உண்டு. 2007-ல் டிவிஎஸ் அறிவித்த ஃபிளேம் மோட்டார் சைக்கிளின் எஞ்சின் இரண்டு ஸ்பார்க் பிளக் கொண்டது. அது தன் காப்புரிமையை மீறுகிறது என்று போட்டி நிறுவனமான பஜாஜ் வழக்குத் தொடர்ந்தது. 2008 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத் தனி நீதிபதி தடை விதித்தார். எஞ்சினை மாற்றி ஒற்றை பிளக்கோடு வண்டியை வெளியிட்டார்கள். 2009-ல் டிவிஷன் பெஞ்ச் தடையை நீக்கியது. உச்ச நீதிமன்றமும் வழி விட்டது. அதற்குள் சந்தையின் கவனம் வேறு வண்டிகளுக்குப் போய்விட்டது. எஞ்சின் மாற்றத்தை விரைந்து செய்த குழு தன் வேலையைச் சரியாகவே செய்தது, ஆனாலும் ஃபிளேம் பெரிய வெற்றியாகவில்லை. எல்லாத் திட்டத்தையும் மீட்டுவிட முடியாது என்பதை இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

அசோக் லேலண்டும் நிசானும் 2008-ல் தொடங்கிய கூட்டு முயற்சியில் கோளாறு உறவில் இருந்தது. அதில் பிறந்த தோஸ்த் சிறு சரக்கு வண்டி 2011-ல் ஓசூரில் உருவாகி நன்றாகவே விற்றது. ஆனாலும் கூட்டாளிகளுக்குள் பிணக்கு வழக்குவரை போய், 2016-ல் நிசான் விலகிக்கொண்டது. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த அடித்தளத்தைச் சொந்தமாக வடிவமைக்கும் பொறுப்பு லேலண்டின் இன்ஜினியர்கள்மேல் விழுந்தது. 2020-ல் படா தோஸ்த் வந்தது. கூட்டாளியின் வரைபடத்தை நம்பி வாழ்ந்த பிரிவைத் தானே வரையும் பிரிவாக மாற்றுவது, வெளியே அவ்வளவாகத் தெரியாத மீட்பு வேலை.

ஓசூரின் திறமை கடல் கடந்தும் போயிருக்கிறது. 2020 ஜனவரியில் நொடித்துப்போன பிரிட்டனின் நார்ட்டன் மோட்டார் சைக்கிள் நிறுவனத்தை அதே ஆண்டு ஏப்ரலில் டிவிஎஸ் 1.6 கோடி பவுண்டுக்கு வாங்கியது. உள்ளே போய்ப் பார்த்தபோது, முந்தைய நிர்வாகத்தில் விற்கப்பட்ட வி4 வண்டிகளில் 35 குறைகள் இருப்பது தெரிந்தது. அவற்றில் சில உயிருக்கே ஆபத்தானவை. வண்டியை ஓட்ட வேண்டாம் என்று உரிமையாளர்களுக்குச் சொல்ல வேண்டியதாயிற்று. சோலிஹல்லில் புது ஆலை அமைத்து, அந்த எஞ்சினைத் திருத்தி வேறு வண்டியாக வெளியிட்டார்கள். வாங்கிய பெயர் பழம்பெருமை மிக்கது. அந்தப் பெயரில் நிற்கும் பொருள் குறையுள்ளது என்று பகிரங்கமாகச் சொல்வதற்கு மீட்க வந்தவர்களுக்குத் துணிச்சல் வேண்டும். ஆனாலும் புது உரிமையாளர் அதைச் சொல்வது ஒப்பீட்டில் எளிது. பத்து ஆண்டு அங்கேயே இருந்தவர் சொல்வது கடினம். வெளியாளை வரவழைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதுவரை சொன்னவை மெதுவாக வளர்ந்த ஆலைகளின் கதை. கடந்த சில ஆண்டுகளில் வந்தவற்றின் தொல்லை வேகத்திலிருந்து பிறக்கிறது. போச்சம்பள்ளி அருகே 500 ஏக்கரில் ஓலா எலெக்ட்ரிக் எழுப்பிய ஆலைக்குத் தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்டது 2020 டிசம்பரில். 2021 ஆகஸ்ட் 15 அன்று ஸ்கூட்டரை அறிமுகப்படுத்தி, டிசம்பரில் வாடிக்கையாளருக்குக் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். ஒப்பந்தத்திலிருந்து வண்டிவரை ஒரே ஆண்டு என்பது எந்த அளவுகோலிலும் வியப்புக்குரியது. 2022 மார்ச்சில் புனேயில் ஒரு வண்டி தீப்பிடித்தது. ஏப்ரலில் 1,441 வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. அடுத்த ஆண்டு முன் ஃபோர்க்கை இலவசமாக மாற்றித் தர வேண்டியிருந்தது. 2024 அக்டோபரில், தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதிவான 10,644 புகார்களை முன்வைத்து மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. அவற்றில் 99.1 விழுக்காடு தீர்க்கப்பட்டதாக நிறுவனம் பதில் சொன்னது. 2025-ல் மின்சார ஸ்கூட்டர் விற்பனையில் ஓசூரின் டிவிஎஸ் அதை முந்தியது. ஆலையின் கொள்ளளவு லட்சக்கணக்கில் கூடிக்கொண்டே போக, சர்வீஸ் மையங்களும் உதிரிபாகமும் பழகிய மெக்கானிக்குகளும் அதே வேகத்தில் கூடவில்லை என்பதே இதிலிருந்து தெரியும் பாடம். லைனின் வேகத்தைத் தீர்மானிப்பவர் ஒருவர், பழுதான வண்டியோடு வாசலில் நிற்பவருக்குப் பதில் சொல்பவர் இன்னொருவர் என்று பிரிந்திருக்கும்வரை இதை எந்த ஒரு பொறியாளராலும் தனியாகத் தீர்க்க முடியாது.

எல்லைக்கு அப்பால் கோலார் மாவட்டத்து நரசாபுராவில் நடந்தது இன்னும் தெளிவான பாடம். ஐபோன் பொருத்திய விஸ்ட்ரான் ஆலையில் 2020 டிசம்பர் 12 அன்று தொழிலாளர்கள் கலவரத்தில் இறங்கினார்கள். ஊதியம் சரியாகவும் நேரத்திலும் வரவில்லை என்பது புகார். சில மாதங்களிலேயே ஆள் எண்ணிக்கை சுமார் 5,000-லிருந்து பத்தாயிரத்துக்கு மேல் போனதையும், அந்த அளவுக்கு மனிதவளப் பிரிவு தயாராக இல்லாததையும் கர்நாடகத் தொழிற்சாலைத் துறை சுட்டிக்காட்டியது. ஆப்பிள் அந்த ஆலைக்குப் புது ஆர்டர் தருவதைச் சிறிது காலம் நிறுத்தி வைத்தது. 2023 நவம்பரில் டாடா எலெக்ட்ரானிக்ஸ் அதை வாங்கியது. 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் அருகே ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர் விடுதியில் சாப்பாடு கெட்டு 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனதில், ஆலை வாரக்கணக்கில் மூடிக் கிடந்தது. இந்த இரண்டு இடத்திலும் எந்திரம் எதுவும் பழுதாகவில்லை. சம்பளச் சீட்டும் விடுதிச் சமையலறையும் உற்பத்தியை நிறுத்தின. தளியும் தேன்கனிக்கோட்டையும் சூழ்ந்த பகுதியில் டாடா எலெக்ட்ரானிக்ஸ் போன்ற ஆலைகள் ஆயிரக்கணக்கான பெண்களை விடுதிகளில் தங்க வைத்து நடக்கின்றன. ஆகவே அங்கே மீட்புப் பணிக்குப் போகிறவர் பார்க்க வேண்டிய இடங்களில் பேருந்து நேர அட்டவணையும் ஒன்று. டாடா எலெக்ட்ரானிக்ஸின் அந்த ஓசூர் வட்டார ஆலையிலேயே 2024 செப்டம்பர் 28 அன்று தீப்பிடித்து உற்பத்தி நின்றது. ஒரே ஆலை, உலகம் முழுதும் போகும் ஒரு பொருளின் பாகத்தைச் செய்தால், ஒரு நாள் நிறுத்தமும் கண்டம் தாண்டி எட்டும்.

இனி வேலை நடக்கும் முறை. சிக்கலான இடத்துக்குப் போனதும் முதலில் செய்வது கெட்ட பொருள் வெளியே போகாமல் தடுப்பது. ஓசூரில் பாகம் செய்யும் சிறு ஆலைக்கு வாடிக்கையாளரிடமிருந்து புகார் வந்தால், எட்டுப் படிகள் கொண்ட எட்டு டி அறிக்கை கேட்பார்கள். 1980களில் ஃபோர்டு நிறுவனத்தில் உருவான முறை அது. அதில் மூன்றாம் படி தற்காலிகத் தடுப்பு; நான்காம் படி மூல காரணம்; அதற்குப் பிறகுதான் நிரந்தரத் தீர்வும் மறுபடி வராமல் காப்பதும். கிடங்கில் இருப்பதை நூறு விழுக்காடு பிரித்துப் பார்த்து அனுப்புவதோடு பலர் வேலை முடிந்தது என்று எண்ணிவிடுகிறார்கள். பிரித்துப் பார்க்கச் சேர்த்த ஆட்கள் ஓராண்டுக்குப் பிறகும் அதே மேசையில் அதையே செய்துகொண்டிருப்பார்கள். நல்ல மீட்பாளரையும் சுமாரானவரையும் பிரித்துக் காட்டும் இடம் இதுதான்: மூன்றாம் படியில் நின்றுவிடுகிறாரா, நான்கைத் தாண்டுகிறாரா. எட்டாம் படி, குழுவைப் பாராட்டுவது. ‘குழுவுக்குப் பாராட்டு தெரிவிக்கப்பட்டது’ என்ற ஒரே வரியை நகலெடுத்து ஒட்டி அனுப்பும் அறிக்கைகள் இந்த வட்டாரத்தில் எத்தனையோ.

மூல காரணம் தேடுவதில் மேலாளரைவிட எந்திரத்தில் நிற்பவருக்கு அதிகம் தெரியும். 2013 அக்டோபரில் அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீட்டு இணையதளம் திறந்த நாளிலேயே முடங்கியபோது மீட்கப் போன குழுவின் தலைவர்களில் ஒருவரான மைக்கி டிக்கர்சன், கூட்டத்தில் பதவியால் உயர்ந்தவர் பேசக் கூடாது, விஷயம் தெரிந்தவரே பேச வேண்டும் என்று விதி வைத்தார். ஓசூரில் அந்த விதி நடைமுறைக்கு வர இன்னொன்றும் வேண்டும்: மொழி. மூத்த தொழிலாளர்களில் பலர் தெலுங்கும் கன்னடமும் வீட்டில் பேசுபவர்கள். அண்மையில் வந்த கான்ட்ராக்ட் தொழிலாளர்களில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பக்கத்தவர் மிகுதி. தமிழும் ஆங்கிலமும் மட்டும் தெரிந்த ஓர் இன்ஜினியர் லைனில் பாதிப் பேரிடம் ஒன்றும் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. சூப்பர்வைசர் சொல்வதையே நம்ப வேண்டியிருக்கும். சூப்பர்வைசரோ பல நேரம் சிக்கலின் ஒரு பகுதி.

கூடுதல் ஆட்களை இறக்கி விடுவது அடுத்த சபலம். பின்தங்கிய மென்பொருள் திட்டத்தில் ஆள் சேர்த்தால் அது இன்னும் பின்தங்கும் என்று மென்பொருள் பொறியாளர் ஃபிரெட் புரூக்ஸ் 1975-ல் எழுதினார். பேட்டரியின் வெப்பத்தையும் மின்னோட்டத்தையும் கண்காணிக்கும் மென்பொருள்மேல் ஓடும் மின்சார வண்டி ஆலைகளுக்கு இது அப்படியே பொருந்தும். வார்ப்பாலையில் ஆள் சேர்த்தால் ஓரளவு பலன் வரும், மென்பொருளில் வராது. இரண்டையும் ஒரே கூரையின்கீழ் நடத்தும் மேலாளர்கள் இந்த வேறுபாட்டை அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்.

எல்லை ஊர் என்பதால் வரும் தொல்லைகளும் சில. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வரும்வரை ஜூஜூவாடியிலும் அத்திப்பள்ளியிலும் சோதனைச் சாவடி வரிசை, மாநிலம் தாண்டும் விற்பனைக்குச் சி படிவம் என்று சரக்கு தேங்கும். பொம்மசந்திராவிலிருந்தும் ஜிகினியிலிருந்தும் வரும் பாகம் ஒரு மணி நேரப் பயணம்தான், ஆனால் ஆவணம் நாளைத் தின்றுவிடும். 2016 செப்டம்பரில் காவிரிப் பிரச்சினையில் பெங்களூரு கலவரமானபோது தமிழகப் பதிவெண் வண்டிகள் அந்தப் பக்கம் போக முடியவில்லை. 2020 ஊரடங்கில் இ-பாஸ் இல்லாமல் எல்லை தாண்ட முடியாது என்றபோது, பல இன்ஜினியர்கள் பெங்களூரு வீடுகளில் மாட்டிக்கொண்டார்கள். இவற்றைப் பார்த்தவர்கள் மாற்றுச் சப்ளையரை இருபுறமும் வைத்துக்கொள்வதை இயல்பான பழக்கமாக்கிக்கொண்டார்கள்.

சிறு பட்டறைகளில் மீட்புப் பணியின் முகம் மாறுகிறது. இரண்டு மூன்று வாடிக்கையாளரை நம்பி நடக்கும் ஜாப் ஒர்க் ஷெட்டில் ரிஜெக்‌ஷன் கூடுவதன் வேர், தேய்ந்த கட்டிங் டூலை மாற்றப் பணமில்லாதது என்று தெரியவரும். பணமில்லாததன் வேர், சப்ளை செய்த பாகத்துக்குப் பணம் வராதது. 2006-ன் குறு, சிறு, நடுத்தர நிறுவன வளர்ச்சிச் சட்டம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது. அப்படித் தராத தொகையை வாங்கிய நிறுவனம் அந்த ஆண்டுச் செலவாகக் காட்ட முடியாது என்ற வருமான வரி விதியும் 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. பில்லைத் துரத்தத் தெரியாத மீட்பாளர் இங்கே அரை மீட்பாளர்தான். 2019-ன் வாகன விற்பனை வீழ்ச்சி ஷிப்டுகளைக் குறைத்தது. மின்சார வண்டிகள் கேம், பிஸ்டன், கியர் போன்ற பாகங்களின் தேவையையே குறைத்து வருகின்றன. சிலருக்கு இப்போது தேவைப்படுவது லைனைச் சீராக்கும் ஆள் அல்ல. வேறு எதைச் செய்யலாம் என்று சொல்லும் ஆள். தன் எந்திரம் கட்டும் திறமையை மற்ற ஆலைகளுக்கு விற்கும் தனிப் பிரிவாக டைட்டன் வளர்த்தது. இன்று டீல் என்ற பெயரில் ஓசூரில் இயங்கும் துணை நிறுவனம் அதுதான். பெரிய ஆலைக்குச் சாத்தியமான அந்த மாற்றத்தைச் சின்ன ஷெட்டுக்கும் கண்டுபிடித்துத் தருவது கடினமான வேலை.

இந்தப் பாதைக்குள் நுழைவோர் பெரும்பாலும் பாலிடெக்னிக் டிப்ளமோ, பர்கூர் அரசு பொறியியல் கல்லூரி அல்லது ஓசூர் அதியமான் பொறியியல் கல்லூரிப் பட்டம், ஐடிஐ ஆகியவற்றோடு வருகிறார்கள். முதல் வேலை தரப் பிரிவிலோ பராமரிப்பிலோ கிடைத்தால் நல்லது. உற்பத்தியில் இருப்பவர் எண்ணிக்கையைப் பார்த்துப் பழகிவிடுகிறார். தரத்திலும் பராமரிப்பிலும் இருப்பவர் கெட்டுப்போனதை மட்டுமே பார்க்கிறார். அடுத்த நல்ல படி, வாடிக்கையாளர் ஆலையில் போய் உட்காரும் ரெசிடென்ட் இன்ஜினியர் வேலை. நாளெல்லாம் வசவு வாங்கும் இடம் அது. ஆனால் தன் ஆலையின் பாகம் பொருந்தாமல் போகிற விதத்தை அங்கேதான் கண்ணால் பார்க்க முடியும். அதன் பிறகு புது மாடல் தொடங்கும் குழுவில் ஓரிரு ஆண்டு இருந்தவர், திட்டம் எங்கெங்கே உடையும் என்பதை முன்கூட்டியே பார்க்கும் கண் பெறுகிறார். இந்திய அளவில் இந்தப் பாதையின் உச்சம் வி. கிருஷ்ணமூர்த்தி. பழைய தஞ்சை மாவட்டத்துக் கருவேலியில் பிறந்து, மின்வாரியத்தில் தொடங்கி, திருச்சி பாய்லர் ஆலை வழியாக பெல் நிறுவனத்தின் தலைமைக்குப் போய், மாருதியை எழுப்பி, 1985-லிருந்து செயில் எஃகு நிறுவனத்தை நட்டத்திலிருந்து லாபத்துக்குத் திருப்பியவர். 1964 டிசம்பர்ப் புயலில் சிதைந்த பாம்பன் பாலத்தை 46 நாளில் சீரமைத்த ரயில்வே பொறியாளர் இ. ஸ்ரீதரனையும் இந்த வரிசையில் வைப்பதுண்டு. ஆனால் அது கோளாறு எங்கே என்பதில் ஐயமே இல்லாத வேலை. பாலம் கடலில் கிடந்தது. கிருஷ்ணமூர்த்திக்கு வாய்த்ததுபோன்ற ஆலைகளில், எது விழுந்து கிடக்கிறது என்பதில்கூட மேலதிகாரிகளுக்குள் உடன்பாடு இருக்காது.

பெயரும் சம்பளமும் எப்படி வருகின்றன என்பது இந்தத் தொழிலின் வலிமிகுந்த பகுதி. எம்.ஐ.டி.யின் ரெப்பனிங்கும் ஸ்டெர்மனும் 2001-ல் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பே, நேராத சிக்கலைத் தீர்த்ததற்கு யாருக்கும் பாராட்டு கிடைப்பதில்லை என்ற பொருள் தருவது. இரவெல்லாம் நின்று லைனை ஓட்டியவருக்குக் கைதட்டல் கிடைக்கும். ஆறு மாதம் முன்பே ஜிக்கை மாற்றி அந்த இரவே வராமல் செய்தவரை யாருக்கும் தெரியாது. இதன் தீய விளைவு, நெருக்கடி வரும்வரை சும்மா இருந்துவிட்டுப் பிறகு வீரராக வருவோர் உயர்வது. இதிலிருந்து தப்பச் சிலர் செய்வது எளிய காரியம்: போன இடத்தின் நிலையைப் போன அன்றே எண்ணில் எழுதி வைத்துக்கொள்வது. ரிஜெக்‌ஷன் எவ்வளவு, ஒரு ஷிப்டில் லைன் எத்தனை முறை நிற்கிறது, திரும்பி வந்த பாகம் எத்தனை. திரும்பும்போது அதே எண்களை மறுபடி எடுக்கலாம். நேர்முகத் தேர்வில் ‘நான் மீட்டேன்’ என்று சொல்வதற்கும், முன்னும் பின்னுமான எண்ணைக் காட்டுவதற்கும் சம்பளத்தில் வேறுபாடு தெரியும். மற்றொரு ஆபத்து, ஒருவரை மீட்பாளர் என்று முத்திரை குத்திவிட்டால், நன்றாக ஓடும் ஆலையை நடத்தும் வாய்ப்பு அவருக்கு வராமல் போவது. ஆலைத் தலைவர் ஆக விரும்புபவர் இரண்டு மூன்று மீட்புக்குப் பிறகு ஒரே இடத்தில் சில ஆண்டு தங்கி, நிலையான நடத்தையையும் காட்டியாக வேண்டும்.

ஐம்பது வயதுக்கு மேல் பலர் ஆலோசகர் ஆகிறார்கள். பெரிய ஆலையில் ஓய்வுபெற்றவர் நான்கைந்து சிறு ஆலைகளுக்கு வாரம் ஒரு நாள் என்று போவது ஓசூரில் வழக்கம். ஆலையின் முதலாளி பெரும்பாலும் பழைய சக ஊழியராகவோ, ஒரு காலத்தில் தன்னிடம் பாகம் கொடுத்தவராகவோ இருப்பார். சொல்வதைக் கேட்பார், ஆனால் தம்பியையும் மைத்துனரையும் வேலையிலிருந்து மாற்றச் சொன்னால் கேட்க மாட்டார். நிலைமை இன்னும் கெட்டுக் கடன் கொடுத்தவர் கதவைத் தட்டும்போது விவகாரம் 2016-ன் திவால் சட்டத்தின்கீழ்த் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போகிறது. தீர்வுத் தொழில்முறையாளர் என்று நியமிக்கப்படுபவர் பெரும்பாலும் கணக்காளர் அல்லது வழக்குரைஞர். ஆலையை ஓட வைத்துக் காட்டினால்தான் வாங்குபவர் வருவார் என்பதால், எந்திரம் தெரிந்த ஒருவரை அவர் கூட வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்தத் துணை இடத்தில் ஓசூர் ஆட்களுக்கு வாய்ப்பு உண்டு.

இப்போது தேவை எழும் இடம் பேட்டரி செல். வார்ப்பு, எந்திர வெட்டு, பொருத்துதல் ஆகியவற்றில் நாற்பது ஆண்டு பழகிய வட்டாரத்துக்கு இது புது மண். செல் ஆலையில் பூச்சு சீராக இல்லை, ஈரப்பதம் கூடிவிட்டது, மின்முனையில் நுண்துகள் விழுந்துவிட்டது என்பவற்றின் விளைவு பொருத்திச் சில நாள் கழித்து, சிலநேரம் சாலையில்தான் தெரியும். ஃபிஷ்போன் படத்தை வரையத் தெரிந்தவர்கள் ஏராளம்; அதன் முள்களில் மின்வேதியியலை எழுதத் தெரிந்தவர்கள் இன்னும் குறைவு. அவர்களுக்கான தேடல் தற்போது பெங்களூரு ஆய்வகங்களிலும் கொரியாவிலும் நடக்கிறது.